கணக்குச் சொல்ல கத்தியை விழுங்கினார் டாக்டர்!
தொட்டில் கணக்கில் ஜெயித்த தமிழ்நாடு

திண்டுக்கல்,
"புள்ளிவிவரமா? ஆளை விடுங்க சாமி!" என்று எழுந்து ஓடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களையும் உட்கார வைத்துக் கைதட்ட வைத்தார் ஒரு டாக்டர்.

அவர் பெயர் ஹான்ஸ் ரோஸ்லிங். சுவீடன்காரர். 1972-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தார். வகுப்பில் எக்ஸ்ரே படம் ஒன்றைக் காட்டினார்கள். கூட இருந்தவர்கள் பேசியதைக் கேட்டு, "பெரிய டாக்டர்கள் வகுப்புக்குள் தப்பி வந்துவிட்டோமோ" என்று திகைத்தாராம். எல்லோரும் அவரைப் போல 4-ம் ஆண்டு மாணவர்கள்தான்! மேல்நாட்டான்தான் உசத்தி என்ற நினைப்பு அன்றோடு போச்சு.

பின்னாளில் மேடை ஏறினார். ஒவ்வொரு நாடும் திரையில் ஒரு குமிழி. அது நகர நகர கிரிக்கெட் வர்ணனை போலப் பொரிந்து தள்ளுவார். 2007-ல் ஒரு கூட்டத்தில் சட்டையைக் கழற்றி, ராணுவக் கத்தி ஒன்றை விழுங்கியே காட்டினார்! 2017-ல் காலமானார்.

நம்ம ஊர் ரசிகனுக்கு இது ஒன்றும் அதிசயமல்ல. "பழைய பாட்டா, புதுப் பாட்டா" என்று லியோனி பட்டிமன்றம் கேட்ட ஊர் இது.

போஸ்டர் கணக்கு

சினிமா போஸ்டரில் "100-வது நாள்" என்று இருக்கும். தினமும் 4 காட்சியா, பகல் காட்சி ஒன்று மட்டுமா? போஸ்டர் சொல்லாது. விவரமான ரசிகன் அதைத்தான் முதலில் கேட்பான்.

ஆரோக்கியக் கணக்கிலும் அதே கேள்விதான். "இத்தனை குழந்தை செத்தது" என்றால் போதாது. எத்தனை பிறந்ததில்?

தமிழ்நாட்டில் 1971-ல் ஆயிரம் குழந்தை பிறந்தால் 113 குழந்தைகள் ஒரு வயசுக்குள் இறந்தன. 9 தொட்டில் ஆடினால் அதில் ஒன்று நின்றுவிடும்! 2020-ல் அது ஆயிரத்துக்கு 13. அதாவது 77 தொட்டிலில் ஒன்று.

பிள்ளை தங்குமோ தங்காதோ என்று பயப்படுகிற தாயிடம் "ரெண்டு போதும்" என்றால் காதில் ஏறுமா? பிள்ளைகள் பிழைத்தால் பிறப்பு தானாகக் குறையும் என்பதுதான் ரோஸ்லிங் குமிழி விட்டுக் காட்டிய சங்கதி.

ஆத்தூர் கதை

அவர் மேடை ஏறுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, திண்டுக்கல் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. டாக்டர் சவுந்தரம் அம்மாளும் கணவர் ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில் இருந்து, ஆத்தூர் வட்டாரக் கிராமங்களுக்கு ஊழியர்கள் போனார்கள். 1959-ல் அங்கே ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 43 பிறப்பு. ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆட்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வாயாலேயே விஷயத்தைச் சொல்ல வைத்தார்கள்.

திரை இல்லை, குமிழி இல்லை, கத்தியும் இல்லை. திண்ணைப் பேச்சுதான்.

1968-ல் பிறப்பு 30-க்கும் கீழே இறங்கியது.