இந்தியாவில் ஒப்பனைப் பொருட்களின் பாதுகாப்பு ஒழுங்குமுறை

இந்தியாவில் ஒப்பனைப் பொருட்களின் பாதுகாப்பு ஒழுங்குமுறை என்பது முகப்பூச்சு, உதட்டுச்சாயம், தலைமுடிச் சாயம், குங்குமம், கண்மை, பற்பசை, சவர்க்காரம் முதலியவற்றில் சேர்க்கப்படும் மூலப்பொருட்களை அரசு கட்டுப்படுத்தும் முறை ஆகும். இதன் சட்ட அடிப்படை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருட்கள் சட்டம். நடைமுறை விவரங்கள் 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஒப்பனைப் பொருட்கள் விதிகளில் உள்ளன.

வரலாறு

பிரித்தானிய இந்தியாவில் போலி மருந்துகள் பெருகியதை அடுத்து, 1930இல் ஆர். என். சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளின் வழியே 1940இல் மருந்துகள் சட்டம் பிறந்தது. அதில் ஒப்பனைப் பொருட்கள் இடம்பெறவில்லை. 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே அவை சேர்க்கப்பட்டன. சட்டத்தின் பெயரும் மாறியது. அப்போதும் சவர்க்காரம் வெளியே நின்றது. நாள்தோறும் உடல் முழுதும் தேய்க்கப்படும் பொருள் 1982ஆம் ஆண்டுத் திருத்தம் வரை சட்டத்தின் வரையறைக்குள் வரவில்லை என்பது வியப்புக்குரியது.

அமெரிக்காவில் இதற்கான தூண்டுதல் கண்கூடான ஒரு கேட்டிலிருந்து வந்தது. 1933 அளவில் விற்பனையில் இருந்த 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயத்தால் பெண்கள் பார்வையிழந்தனர். அந்நிகழ்வும் 1938ஆம் ஆண்டின் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருட்கள் சட்டத்திற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

வரையறை

மனித உடலைத் தூய்மை செய்யவோ, அழகூட்டவோ, தோற்றத்தை மாற்றவோ தேய்க்கப்படும், ஊற்றப்படும், தூவப்படும் அல்லது தெளிக்கப்படும் பொருள் ஒப்பனைப் பொருள் ஆகும். அதன் உட்கூறாகப் பயன்படும் பொருளும் இதில் அடங்கும். நோயைக் குணமாக்கும் நோக்கம் இருப்பின் அது மருந்தாகிவிடும். இந்த எல்லைக்கோடு நடைமுறையில் மங்கலானது. ஊக்கமருந்து (ஸ்டீராய்டு) கலந்த களிம்புகள் சட்டப்படி மருந்துகளே. எனினும் முகம் வெளுப்பதற்கான பூச்சுகளாக அவை பரவலாக வாங்கப்பட்டன. இதனால் 2018இல் அவற்றுள் பல மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவையாக அறிவிக்கப்பட்டன.

நிறமிகளும் கன உலோகங்களும்

ஈயம் அல்லது ஆர்செனிக் சேர்மங்களை நிறத்திற்காகச் சேர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது. அனுமதிக்கப்பட்ட கரிம நிறமிகளில் மாசாக ஆர்செனிக் பத்து லட்சத்தில் 2 பங்கும், ஈயம் 20 பங்கும், பிற கன உலோகங்கள் 100 பங்கும் வரையே இருக்கலாம். எந்த நிறமிகளைச் சேர்க்கலாம், எந்த மூலப்பொருட்கள் பாதுகாப்பானவையாகக் கருதப்படவில்லை என்ற பட்டியல்களை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 4707 என்ற தரநிலையின் இரு பகுதிகளில் வெளியிட்டுள்ளது.

தமிழகத்தில் இவ்விதிகள் மிக அன்றாடமாகத் தொடும் பொருள் குங்குமம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி காரத்துடன் சேரும்போது சிவக்கும். மரபான குங்குமத்தின் அடிப்படை இதுவே. மலிவான வகைகளில் மாவின்மீது செயற்கைச் சாயம் ஏற்றப்படுகிறது. இத்தகைய சாயங்களால் நெற்றியில் கருமை படரும் தோலழற்சி ஏற்படுவதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஒட்டுப்பொட்டின் பசையில் உள்ள பாரா டெர்சியரி பியூட்டைல் பீனால், பொட்டு வைத்த இடத்தில் வெண்புள்ளியை உண்டாக்கக்கூடியது. மயிலாப்பூர் மாட வீதிகள் போன்ற கோயில் கடைத்தெருக்களில் குங்குமத்தை உதிரியாக எடைபோட்டு வாங்குபவருக்கு, படித்துப் பார்க்க ஓர் அடையாளச் சீட்டுகூட இராது.

பாதரசம்

தோலின் கருநிறமியான மெலனின் உருவாக டைரோசினேசு என்ற நொதியம் தேவை. பாதரச உப்புகள் இந்நொதியத்தின் செயலைத் தடுக்கின்றன. ஆகவே தோல் வெளுக்கிறது; பூச்சு 'வேலை செய்கிறது' என்று பயனரும் நம்புகிறார். ஆனால் பாதரசம் தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. அதன் ஆவி வீட்டிலுள்ள குழந்தைகளையும் பாதிக்கக்கூடும்.

2014இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 32 வெளுப்புப் பூச்சுகளில் 14இல் பாதரசம் காணப்பட்டது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பிரேனசு நெப்ரோபதி என்ற சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரில் 15 பேருக்கு அரிதான 'நெல்-1' வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புப் பூச்சு பயன்படுத்தியவர்கள். 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேசன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

2020ஆம் ஆண்டு விதிகள் கண்ணைச் சுற்றிப் பயன்படுத்தும் பொருட்களில் பதப்படுத்தியாகப் பத்து லட்சத்தில் 70 பங்கு வரையும், பிறவற்றில் தற்செயல் மாசாக 1 பங்கு வரையும் பாதரசத்தை அனுமதித்தன. இந்தியா 2018இல் ஏற்புறுதி அளித்த மினமாட்டா உடன்படிக்கை இதைவிடக் கடுமையானது. 2023இல் செனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் கைவிட முடிவு செய்தன.

அடையாளச் சீட்டு

பொதியில் மூலப்பொருட்களின் பட்டியல் இருக்க வேண்டும். ஒரு விழுக்காட்டிற்கு மேற்பட்டவை அளவின் இறங்கு வரிசையிலும், ஏனையவை அவற்றின்பின் எவ்வரிசையிலும் தரப்படலாம். ஆனால் 30 கிராமுக்குக் குறைந்த திண்மப் பொதிகளுக்கும் 60 மில்லிலீட்டருக்குக் குறைந்த நீர்மப் பொதிகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருட்டிணன் பரவலாக்கிய சிறு உறைகளில் (சாசே) ஷாம்பு வாங்குவோர் பெரும்பாலும் சிறு வருவாயினர். தகவல் மிகக் குறைவாகக் கிடைப்பதும் அவர்களுக்கே.

தலைமுடிச் சாயத்திற்குத் தனி விதி உண்டு. பாரா பெனிலீன் டையமீன் போன்ற சாயங்கள் அடங்கியவற்றில், தோல் எரிச்சல் ஏற்படலாம், இமையிலும் புருவத்திலும் பூசினால் பார்வை பறிபோகலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிடப்பட வேண்டும். காதின் பின்புறம் அல்லது முன்கையின் உட்புறம் சிறிது பூசி 24 மணிநேரம் காத்திருந்து சோதிக்கும் முறையும் அதனுடன் தரப்பட வேண்டும்.

விலங்குகள் மீதான சோதனை

ஒப்பனைப் பொருட்களை விலங்குகளின்மீது சோதிப்பது 2014 மே மாதம் தடை செய்யப்பட்டது. அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதிக்கான தடை அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நிருவாகம்

இறக்குமதிப் பதிவும், உலகில் வேறெங்கும் பயன்பட்டிராத மூலப்பொருள் கொண்ட புதிய பொருட்களுக்கான இசைவும் நடுவண் அரசின் பொறுப்பு. உற்பத்தி உரிமம் வழங்குவதும் கடைகளைச் சோதிப்பதும் மாநிலத்தின் பணி. சென்னையில் மத்திய மருந்துகள் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கத்திலும், தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தேனாம்பேட்டையிலும், மத்திய மருந்துச் சோதனைக்கூடம் பெரியமேட்டிலும் இயங்குகின்றன.

சட்டத்தின் 26ஆம் பிரிவு அதிகம் அறியப்படாதது. விலை கொடுத்து வாங்கிய ஒப்பனைப் பொருளை எவரும், அல்லது ஏற்பு பெற்ற நுகர்வோர் சங்கம், உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். கடையில் மாதிரி எடுக்க ஆய்வாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரும் நுகர்வோர் சங்கமும் 32ஆம் பிரிவின்கீழ் நேரடியாக வழக்குத் தொடரவும் இயலும். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, போலியான அல்லது கலப்படமான ஒப்பனைப் பொருளுக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் ரூபாய் அல்லது பறிமுதலான பொருளின் மதிப்பைப்போல் மும்மடங்கு, இவற்றுள் எது கூடுதலோ அதற்குக் குறையாத தண்டமும் விதிக்கப்படலாம்.