கமக்காரரும் உயர் குருதியமுக்கமும்

கமத்தொழில் செய்வோரைக் குருதியமுக்கமும் கொலஸ்திரோலும் அணுகமாட்டா என்னும் எண்ணம் கிராமங்களில் இன்னும் நிலவுகின்றது. இதனை நம்பிப் பலர் பரிசோதனைக்குச் செல்வதில்லை. இது ஆபத்தான நம்பிக்கையாகும்.

முன்னர் ஏர் பிடித்தும், அரிவாளால் அரிவு வெட்டியும், மாடுகளைக் கொண்டு சூடு மிதித்தும் பல நாட்கள் செய்த வேலையை இன்று இயந்திரங்கள் சில மணி நேரத்தில் முடிக்கின்றன. உழைப்புக் குறைந்தது, ஆனால் அவ்வுழைப்புக்கென அமைந்த உணவின் அளவு குறையவில்லை. எஞ்சும் உணவு உடலிற் கொழுப்பாகச் சேர்கின்றது.

இரு கேடுகளும் சேரும்போது

உயர் அமுக்கம் நாடிகளின் உட்சுவரைப் பழுதாக்கும். குருதியில் மிகுந்த கொலஸ்திரோல் அவ்விடங்களிற் படிந்து, வாய்க்காலில் வண்டல் படிவதைப் போல வழியை ஒடுக்கும். மாரடைப்பும் பாரிசவாதமும் இவ்வாறே நேர்கின்றன. அதுவரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை.

சோறும் பருப்பு வகைகளும்

தவிடு நீக்கித் தீட்டிய அரிசியில் நார்ப்பொருள் மிகக் குறைவு. சொந்த நெல்லைக் குற்றுவிப்போர் தவிடு முழுவதையும் நீக்காது குற்றுவித்தல் நன்று. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு நெல்லாயினும், முற்றாகத் தீட்டினால் அப்பயன் கெடும். சோற்றின் அளவைக் குறைத்து, பயறு, கௌபி, கடலை ஆகியவற்றையும், தோட்டத்து வெண்டி, கத்தரி, கீரை வகைகளையும் கூட்டுதல் வேண்டும். இவற்றிலுள்ள கரையும் நார்ப்பொருள் குடலிற் பித்தத்தைப் பற்றி வெளியேற்றும். புதிய பித்தம் ஆக்குவதற்கு ஈரல் குருதியிலுள்ள கொலஸ்திரோலை எடுத்துக்கொள்ளும். இதனால் அதன் அளவு குறையும்.

தேங்காயும் உப்பும்

தேங்காயிற் கொலஸ்திரோல் இல்லை. ஆயினும் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பாகும். அது குருதியிற் கொலஸ்திரோலை உயர்த்தும். ஆகையால் முதற்பால் விட்ட கறிகளையும் எண்ணெயிற் பொரித்தவற்றையும் குறைத்தல் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாயிருத்தல் வேண்டும். இது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியாகும். கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றிலுள்ள உப்பும் இதில் அடங்கும்.

உழைப்பு

அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரையுள்ள காலத்தில் உடல் ஓய்ந்துவிடுகின்றது. அக்காலத்தில் வாரத்தில் 5 நாட்களாவது, நாளுக்கு 30 நிமிடம் விரைந்து நடத்தல் வேண்டும். வயலுக்கு மோட்டார் சைக்கிளிற் செல்வோர் நடந்து செல்லலாம். வீட்டுத்தோட்டத்தில் மண் கொத்துதலும் நல்ல பயிற்சியே. புகைத்தலை முற்றாக விடுதலும், மதுவைத் தவிர்த்தலும், உடல் நிறையைக் குறைத்தலும் இரு கேடுகளுக்கும் பரிகாரமாகும்.

மருந்து

உணவு மாற்றத்தால் நலம் கண்டவர், வைத்தியரைக் கேளாது மாத்திரைகளை நிறுத்துதல் கூடாது. நிறுத்தினால் அமுக்கம் மீண்டும் உயரும்.

நடுகைக் காலத்தில் வீட்டுத் தலைவன் பாரிசவாதத்தால் வீழ்ந்தால், அப்போகம் முழுவதும் இழக்கப்படலாம். ஆகவே பெரும்போக நிலப்பண்படுத்தல் தொடங்குமுன், கணவனும் மனைவியும் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று குருதியமுக்கத்தை அளப்பித்தல் வேண்டும். அளவு 140/90 அல்லது அதற்கு மேலாயின், கொலஸ்திரோலையும் சோதிப்பித்து, வைத்தியர் கூறும்படி நடத்தல் வேண்டும்.