அவனுக்கு ஒண்டும் இல்லை

மனோர் பார்க்கில் இருந்து ஈஸ்ட்ஹாம் வரை ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்து பாருங்கள். புடைவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை எல்லாவற்றுக்கும் நடுவில் ரியூசன் சென்ரர் பலகைகள். பலதில் 'இலெவன் பிளஸ்' என்று இருக்கும். நியூஹாமில் கிராமர் பாடசாலை ஒன்றுகூட இல்லை, பக்கத்து ரெட்பிரிட்ஜில்தான் இருக்கிறது. அதுக்காக எட்டு வயதிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறோம். நானும் விட்டேன். மகளுக்கு இரண்டு வருசம் கட்டிய காசைக் கூட்டிப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மகனுக்கு வேறொரு ரெஸ்ட் தேவைப்பட்டது. அதை எடுக்க ஒன்றரை வருசம் இழுத்தடித்தேன்.

இங்கிலாந்தில் இயர் 1 பிள்ளைகளுக்கு 2012 முதல் ஃபொனிக்ஸ் பரிசோதனை ஒன்று நடக்கிறது. 40 சொற்கள். அதில் 20 நிஜச் சொற்கள், 20 பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகவாசியின் படம் போட்டிருப்பார்கள். பிள்ளை எழுத்தின் ஒலியைக் கூட்டி வாசிக்கிறதா, சொல்லின் உருவத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் தந்திரம் அது. என் மகன் பாடமாக்கித்தான் வைத்திருந்தான். இயர் 2இல் திரும்ப வைத்தபோதும் அதே கதை.

பாடசாலையில் சொன்னார்கள்: வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள்தானே, ஆங்கிலம் அவனுக்கு இரண்டாம் மொழி, கொஞ்சம் பொறுங்கள். இங்கேயே பிறந்து, அக்காவோடு ஆங்கிலத்தில் சண்டை பிடித்து, நித்திரையிலும் ஆங்கிலத்தில் புலம்புகிற பிள்ளை. ஆனாலும் அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

மனைவிதான் ஒருநாள் சொன்னா, "இஞ்சருங்கோ, கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லுறான். வாசிக்கச் சொன்னால் மட்டும் வயித்துக்குத்து எண்டுறான். இது இங்கிலிஷ் பிரச்சினை இல்லை."

"நீர் சும்மா பயப்பிடாதையும்," என்றேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா ஃபோனில், "அவனுக்கு ஒண்டும் இல்லை தம்பி, வளர வளரச் சரிவரும்."

ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால் எந்த இடத்தில் மாட்டுப்படுகிறது என்று அளந்து பார்ப்பதுதான் என் தொழில். வீட்டில் நான் செய்தது ஐபாட்டைப் பறித்ததுதான்.

2015இல் வெளியான விசேட கல்வித் தேவைகளுக்கான அரசின் வழிகாட்டி நெறியைப் பிறகுதான் வாசித்தேன். ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதால் மட்டும் வருகிற சிரமம் கற்றல் குறைபாடு ஆகாது என்கிறது அது. அதே இடத்திலேயே, பின்தங்கலுக்குக் காரணம் மொழியா குறைபாடா என்று பாடசாலை கவனமாகப் பார்க்கவேண்டும் என்றும் இருக்கிறது. எங்களுக்குச் சொல்லப்பட்டது முதல் பாதி மட்டும்.

எங்கள் ஆட்களின் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். இதே லண்டனில் 1960களில் கரீபியன் குடும்பத்துப் பிள்ளைகளை, அவர்களின் தொகைக்கு மிஞ்சிய அளவில், 'கல்வியில் சராசரிக்குக் கீழானவர்கள்' என்று முத்திரை குத்தித் தனிப் பாடசாலைகளில் போட்டார்கள். அப்படியான பாடசாலையில் படிப்பித்த பேர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூல் எழுதி அதை அம்பலப்படுத்தினார். அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத பேச்சுவழக்கிலும் பண்பாட்டிலும் அமைந்த நுண்ணறிவுச் சோதனைகளும் அதற்குத் துணைபோயின. 1978 வார்னொக் அறிக்கைக்குப் பிறகு, 1981 கல்விச் சட்டத்தோடுதான் அந்த வகைப்படுத்தல் ஒழிந்தது. ஆகவே "யார் சோதிக்கிறார்கள், எந்த மொழியில்?" என்று கேட்பது பெற்றோரின் கடமை. சோதனையே வேண்டாம் என்பது வேறு விசயம்.

கடைசியில் 700 பவுணுக்கு மேல் கட்டி ஒரு கல்வி உளவியலாளரிடம் போனோம். 'எஜுகேஷனல் சைக்கோலஜிஸ்ட்' என்ற பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. எச்சிபிசி பதிவேட்டில் ஆளின் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம், முதலில் அதைப் பாருங்கள். அவர் வைத்தது வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பு: சிவப்பு வெள்ளைக் கட்டைகளால் உருவம் அமைப்பது, இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, உருவப் புதிர்கள். உருவப் புதிர்களைக் கண்டதும் சிரிப்பு வந்தது. மகள் ரியூசனில் இரண்டு வருசம் செய்தவையும் இதே சாதிதான்.

இதற்குப் பயிற்சி மட்டும் குடுக்காதீர்கள். சேர்ச் ரோட் முருகன் கோயிலில் சந்தித்த ஒரு தம்பி, "அண்ணை, பாஸ்ட் பேப்பர் இருக்கோ?" என்று என்னிடம் கேட்டார்! பயிற்சி குடுத்தால் பிள்ளையின் சிரமம் அறிக்கையில் மறைந்துபோகும். கட்டிய காசும் வீண்.

மொழி விசயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலக்கங்களை நினைவில் வைப்பதுகூட மொழியைப் பொறுத்து மாறும். வெல்ஷ் மொழியின் எண்பெயர்கள் உச்சரிக்க ஆங்கிலத்தைவிட அதிக நேரம் எடுப்பதால், இரண்டும் பேசுகிறவர்கள் வெல்ஷில் குறைவான இலக்கங்களையே நினைவில் வைத்தார்கள் என்று 1980இல் ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஆங்கிலத்தைவிட நீளம்தானே.

எங்கள் விசயத்தில் தமிழ்தான் துப்புக் குடுத்தது. "தமிழ் எப்படி வாசிக்கிறான்?" என்று அவர் கேட்டார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பியைக் காட்டினேன். கொம்பு எங்கே, அரவு எங்கே என்று அதிலும் அதே தடுமாற்றம். தமிழ் நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லை என்றால், ஆங்கிலம் போதாது என்ற விளக்கம் நிற்காது.

இப்போது நான் ஒளிக்க நினைத்த இடம். சோதனைக்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில், எழுத்துக்கூட்டலில் சிரமம் இருந்ததா என்று ஒரு கேள்வி. டிஸ்லெக்சியா பரம்பரையாக வரக்கூடியது என்பதால் எப்படியும் கேட்பார்கள். நான் 'இல்லை' என்று போட்டேன்.

எனக்கு ஒரு அண்ணா இருக்கிறார். கிளிநொச்சியில் மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே எஞ்சினில் என்ன பிழை என்று சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'மொக்கு' என்று பெயர். சொல்வதெழுதுதல் நாட்களில் உள்ளங்கையில் அடி. 1995 ஒக்டோபரில் வலிகாமமே வெளிக்கிட்டபோது அவருக்குப் பதினொரு வயது. அதுக்குப் பிறகு, "இடம்பெயர்வில படிப்புக் குழம்பிப்போச்சு" என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரு பதில் கிடைத்தது. அதே இடம்பெயர்வில், அதே மரத்தடியில் படித்த நான் எஞ்சினியர் ஆனேன் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அண்ணா ஒரு வரிகூட எழுதினதில்லை, எல்லாம் குரல் பதிவு. அவருக்கு எண்ணெய்க் கை, அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு எழும்பி உளவியலாளருக்கு மின்னஞ்சல் போட்டேன்: படிவத்தில் ஒரு பதில் பிழை.

முடிவு வந்தது. சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். மகனின் சொல்வழிச் சிந்தனை 112. சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் கையாளும் திறன் 76. அறிக்கையில் டிஸ்லெக்சியா என்று எழுதியிருந்தது. மனைவி அழுதா, கவலையில் இல்லை. நான்தான் அவனைச் சோம்பேறி என்று ஏசிய நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் என்னைப்போல் காசு கட்டத் தேவையில்லை. ஒவ்வொரு அரச பாடசாலையிலும் 'சென்கோ' என்று ஓர் ஆசிரியர் இருக்கவேண்டும். அவரிடம் எழுத்தில் கேளுங்கள், வாசலில் நின்று கதைத்தது பதிவில் இருக்காது. மகனுக்குப் பாடசாலைக்குள்ளேயே குடுக்கும் மேலதிக உதவி போதுமாக இருக்கிறது. தேவை பெரிதென்றால், 2014 சட்டப்படி பெற்றோரே நேரடியாகக் கவுன்சிலிடம் முழு மதிப்பீடு கேட்கலாம். ஆறு கிழமைக்குள் மதிப்பிடுவதா இல்லையா என்று சொல்லவேண்டும், திட்டம் குடுப்பதென்றால் 20 கிழமைக்குள் முடிக்கவேண்டும். மறுத்தால் தீர்ப்பாயம் இருக்கிறது. இப்சியா என்ற தொண்டு நிறுவனம் இலவசமாகச் சட்ட ஆலோசனை தரும். ஜிசிஎஸ்இயில் 25 சதவீத மேலதிக நேரத்துக்கு என்னுடைய அறிக்கை மட்டும் போதாது, இயர் 9இல் இருந்து பாடசாலை ஊடாக மதிப்பீடு நடக்கவேண்டும். அதுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அண்ணாவுக்குச் சொன்னேன். நாலு நிமிசக் குரல் பதிவு வந்தது. முதல் ஒரு நிமிசம் பட்டறைச் சத்தம் மட்டும்தான். பிறகு, "அந்த அறிக்கையில என்ன எழுதியிருக்கு எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லு பாப்பம்."

அது 19 பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டிரண்டு பக்கமாகத் தமிழில் வாசித்து அனுப்புகிறேன். இப்போது ஏழாம் பக்கத்தில் நிற்கிறோம்.