கரன்ட் போனால் கணக்கும் போகுமா?

குட்டீஸ்... அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து, வெளியூரில் படிக்கும் அக்காவின் கணக்குக்கு, 500 ரூபாய் மாற்ற வேண்டும். அப்பாவின் கணக்கில் கழித்தாகி விட்டது. அக்காவின் கணக்கில் கூட்டுவதற்குள் கம்ப்யூட்டர், 'டப்'பென்று நின்று விட்டால்... அந்த 500 ரூபாய் எங்கே?

விவரங்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்கும் பெட்டகத்துக்கு, 'டேட்டாபேஸ்' என்று பெயர். பாதியில் நின்றாலும் குழப்பம் வராமலிருக்க, அது ஒரு தந்திரம் செய்கிறது.

'எஸ்.கியூ.லைட்' என்ற டேட்டாபேசைப் பார்ப்போமா? இதை, 2000ம் ஆண்டில் உருவாக்கியவர், அமெரிக்காவின் ரிச்சர்டு ஹிப். போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையின் போது, அவருக்குத் தோன்றிய யோசனை இது. இன்று ஆண்ட்ராய்டு போனிலும், ஐபோனிலும் இது இருக்கிறது.

இது எந்தப் பக்கத்தைத் திருத்தினாலும், முதலில் பழைய பக்கத்தை ஒரு குறிப்பேட்டில் நகல் எடுத்துக் கொள்ளும். வேலை முழுதாக முடிந்ததும், குறிப்பேட்டை அழித்து விடும். நடுவில் கரன்ட் போனால், குறிப்பேடு அப்படியே இருக்கும். மறுபடி இயங்கும் போது அதைப் பார்த்து, 'ஓகோ... வேலை பாதியில் நின்றிருக்கிறது' என்று புரிந்து கொண்டு, பழையபடியே மாற்றி விடும்.

அப்புறமும் சந்தேகமா? சோதித்துப் பார்க்கவும் கட்டளை உண்டு. பாடப் புத்தகத்தில் பொருளடக்கம் சொல்லும் பக்கம் இருக்கிறதா, ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று நீங்கள் புரட்டிப் பார்ப்பீர்களே... அது போலத் தான். எல்லாம் சரியென்றால், 'ஓகே' என்று பதில் வரும்.

ஆனால், பக்கமெல்லாம் சரியாக இருந்து, ஓர் எண் மட்டும் மாறியிருந்தால்? அதைப் பிடிக்க, கூட்டுத்தொகையையும் சேர்த்து எழுதி வைப்பர். 4, 7, 2, 5 – கூட்டினால் 18. ஏழு, ஒன்றாக மாறினால் 12 வரும். திருட்டு வெளிப்பட்டு விடும்!

நான்கும், ஏழும் இடம் மாறினால்? அப்போதும் 18 தானே! அதனால், முதல் எண்ணை ஒன்றாலும், அடுத்ததை இரண்டாலும், அதற்கடுத்தவற்றை மூன்று, நான்காலும் பெருக்கிக் கூட்டுங்கள். முதலில் 44 வரும். இடம் மாறினால் 41. மாட்டிக் கொண்டதா?

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சோதனை, கெட்டுப் போனதைச் சொல்லும். தொலைந்ததைத் திருப்பித் தராது. குடும்பப் புகைப்படங்களை வேறோர் இடத்திலும் நகல் எடுத்து வைக்கும்படி, இன்றே அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள், சரியா?