இருவர் பணிச் சந்திப்பு

இருவர் பணிச் சந்திப்பு என்பது ஒரு மேலாளரும் அவரின் கீழ்ப் பணிபுரியும் ஒருவரும் குறித்த கால இடைவெளியில் தனியாகச் சந்தித்து உரையாடும் முறையாகும். குழுக் கூட்டங்களில் வெளிவராத சிக்கல்கள், ஐயங்கள், மனக்குறைகள் ஆகியவற்றை அறிய இது உதவுகிறது. எனினும், முடிந்த வேலைகளை ஒப்பிக்கும் வெறும் சடங்காக இச்சந்திப்பு மாறிவிடுவதும் உண்டு. இதனைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்று, பணிச் சிக்கலொன்றைப் புதிராக அமைத்துக்கொண்டு இருவரும் விளையாட்டு மனப்பான்மையுடன் விடை தேடுவதாகும்.

வரலாறு

இன்டெல் நிறுவனத்தின் தலைவராக விளங்கிய ஆன்ட்ரூ குரோவ் (1936–2016), 1983 ஆம் ஆண்டு வெளியான "ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்" என்னும் தமது நூலில் இம்முறையை விரிவாக விளக்கினார். அவரது கருத்துப்படி இச்சந்திப்பு கீழ்ப் பணிபுரிபவருக்கு உரியது. எனவே எவற்றைப் பேசுவது என்பதை அவரே வகுத்துக்கொண்டு வரவேண்டும். வேலைக்குப் புதியவரை அடிக்கடியும், தேர்ந்தவரை நீண்ட இடைவெளியிலும் சந்தித்தால் போதுமானது. மேலாளர் செலவிடும் 90 நிமிடங்கள், பணியாளரின் இரண்டு வார வேலையின், அதாவது 80 மணி நேரத்திற்கும் மேற்பட்ட உழைப்பின், தரத்தை உயர்த்தக்கூடும் என்று குரோவ் எழுதினார்.

மெழுகுவர்த்திப் புதிர்

விளையாட்டு மனப்பான்மைக்கும் சிக்கல் தீர்த்தலுக்கும் உள்ள தொடர்பை விளக்க மெழுகுவர்த்திப் புதிர் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இதனை வகுத்தவர் செருமானிய உளவியலாளர் கார்ல் டுங்கர் (1903–1940) ஆவார். இவரது ஆய்வு 1935 இல் செருமன் மொழியிலும் 1945 இல் ஆங்கிலத்திலும் வெளியானது.

இன்று பரவலாக அறியப்படும் வடிவில், ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், தலை அகன்ற சிறு ஆணிகள் நிறைந்த ஒரு பெட்டி ஆகியவை தரப்படுகின்றன. கீழேயுள்ள மேசையில் மெழுகு சொட்டாதவாறு மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தி எரியவிட வேண்டும். பெட்டியிலுள்ள ஆணிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சுவரில் அறைந்து, அதன் மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவதே விடையாகும். பெட்டியை ஆணிகளை வைக்கும் கலமாக மட்டுமே மனம் காண்பதால் பலருக்கு இது எளிதில் தோன்றுவதில்லை. ஆணிகளைப் பெட்டிக்கு வெளியே வைத்துக் கொடுத்தால் கூடுதலானோர் விடை காண்கின்றனர்.

இப்புதிரைக் கொண்டு நடத்தப்பட்ட இரு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை.

* 1962 இல் சாம் குளுக்ஸ்பெர்க் நடத்திய சோதனையில், ஆணிகள் பெட்டிக்குள் இருந்தபோது, பரிசுப்பணம் அறிவிக்கப்பட்டவர்கள் மற்றவர்களை விடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டனர். ஆணிகள் வெளியே இருந்தபோது அவர்களே விரைந்து முடித்தனர். அதாவது, வழி தெளிவாக உள்ள வேலைக்குப் பரிசு உதவியது. புது வழி தேடும் வேலைக்கு அது இடையூறாயிற்று.
* 1987 இல் ஆலிஸ் ஐசன், கிம்பர்லி டாப்மன், கேரி நோவிக்கி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், சில நிமிட நகைச்சுவைப் படம் பார்த்தவர்களுள் கூடுதலானோர் இப்புதிரை விடுவித்தனர்.

சில முறைகள்

தலைகீழ்க் கேள்வி: "புகார்களைக் குறைப்பது எப்படி?" என்று கேட்பதற்கு மாறாக, "புகார்களை இரு மடங்காக்க என்ன செய்யலாம்?" என்று கேட்கப்படுகிறது. கிடைக்கும் விடைகளுள் சில ஏற்கனவே நடைமுறையில் இருப்பது அப்போது புலப்படும். நேரடியாகச் சொல்லத் தயங்கும் குறைகளையும் பணியாளர் இவ்வழியில் எளிதாகச் சொல்ல இயலும்.

தோல்வியைக் கற்பனை செய்தல்: தொடங்கவிருக்கும் திட்டம் முற்றிலும் தோற்றுவிட்டதாகக் கொண்டு, அதற்கான காரணங்களை இருவரும் தனித்தனியே எழுதிப் பின்னர் ஒப்பிடுவர். உளவியலாளர் கேரி கிளைன் 2007 இல் எழுதிய கட்டுரை, குழுக்களுக்கான இம்முறையைப் பலர் அறியச் செய்தது.

கூறுகளாகப் பிரித்தல்: ஒரு பொருளை அதன் பயன் சுட்டாத பெயர்களால் விவரிக்கும் இம்முறையை டோனி மெக்காஃப்ரி 2012 இல் விளக்கினார். மெழுகுவர்த்தியின் திரியை "நூல்" என்று கூறினால், கட்டுவதற்கும் அது பயன்படும் என்பது தோன்றும். அலுவலகப் படிவம் ஒன்றையும் இவ்வாறே "யாருக்கோ தகவல் தரும் தாள்" என்று விவரித்து, அது உண்மையில் தேவைதானா என ஆராயலாம்.

வரையறைகள்

மேலாளரும் பணியாளரும் சம நிலையில் இருப்பவர்கள் அல்லர். மேலாளர் விடையை முன்பே வைத்துக்கொண்டு கேட்கும் புதிர், விளையாட்டாக இராமல் தேர்வாகிவிடுகிறது. ஆதலால் இருவருக்கும் விடை தெரியாத, உண்மையான சிக்கலையே எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். புதிரில் கூறிய விடைகளைப் பணி மதிப்பீட்டில் சேர்ப்பதும் தவிர்க்கத்தக்கது. தவறு செய்தாலும் கேள்வி கேட்டாலும் இழிவுபடுத்தப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை உள்ள குழுக்களில் கற்றல் மிகுதியாக நிகழ்வதை எமி எட்மண்ட்சன் 1999 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்நம்பிக்கை இல்லாத இடத்தில் விளையாட்டு கூடுதல் சுமையாகவே அமையும்.

ஊதியம், உடல்நலக் குறைவு, துன்புறுத்தல் பற்றிய முறையீடு போன்றவற்றை விளையாட்டாகக் கையாளுதல் தகாது. பணியாளர் இத்தகைய ஒன்றைப் பேச வந்திருந்தால், புதிரை ஒதுக்கிவிட்டு அவர் கூறுவதைக் கேட்பதே சந்திப்பின் நோக்கத்திற்கு இசைந்ததாகும்.

இவற்றையும் பார்க்க

* மேலாண்மை
* சிக்கல் தீர்த்தல்
* உளவியல்