பவழ மாலைக்குப் பில் எங்கே?

கல்யாண மாதங்களில் நெய்யூர்ப் பக்கம் ஓயாமல் காதில் விழும் புலம்பல் இது: தங்கத்தில் கோர்த்து வாங்கிய பவழ மாலை வெளுத்துவிட்டது. பில்லைக் கேட்டால் எஸ்டிமேட் சீட்டை நீட்டுகிறார்கள். அது பில் அல்ல.

கொக்கியிலுள்ள ஆறு எழுத்து ஹால்மார்க் எண் (எச்.யு.ஐ.டி.) தங்கத்துக்கு மட்டுமே சாட்சி, பவழத்துக்கு அல்ல. மணியைப் போலி செய்வது உலகெங்கும் பழைய வியாபாரம். ஆப்பிரிக்கப் பெண்கள் அம்பர் என்று அணிந்த பெரிய மஞ்சள் மணிகளில் பலவும் ஐரோப்பாவில் செய்த பேக்கலைட் வகைப் பிசின்தான். இங்கே கண்ணாடி, பிளாஸ்டிக், சாயமேற்றிய மூங்கில் பவழம்.

வீட்டில் சோதிக்காதீர்கள். வினிகர் விட்டால் மூங்கில் பவழமும் நுரைக்கும், அசலும் நுரைக்கும். இரண்டும் சுண்ணாம்புப் பொருள். மணி அரிபடுவதுதான் மிச்சம். சூடான ஊசியும் வேண்டாம்.

பில்லில் 'சாயமேற்றாத இயற்கைப் பவழம்' என்று எழுதச் சொல்லுங்கள். தங்கத்தின் நிகர எடை தனியாக, மணியின் எடையும் விலையும் தனியாக. எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகைக்குப் பயந்து பேசாமல் இருப்பவர்களைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே குற்றச்சாட்டில்தான் வரும்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியது வெளியூரில் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. பில், தபால் ரசீது, மாலையின் போட்டோ எல்லாவற்றுக்கும் நகல் இணையுங்கள். அசல் பில்லை எவரிடமும் விட்டுவிடாதீர்கள்.

மாலையை அறுக்கவோ மாற்றிக் கோர்க்கவோ வேண்டாம். ஆணையம்தான் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை கேட்கும். ஆய்வுச் செலவை முதலில் நீங்கள் கட்டச் சொல்வார்கள். வழக்கில் வென்றால் செலவுத் தொகை கேட்க அந்த ரசீதும் வேண்டும்.