தொய்ந்த பாதமும் அதற்கான சிகிச்சையும்

ஒரு கால் செருப்பு மட்டும் அடிக்கடி நழுவிப்போவதும், அதன் முன்முனை மற்றதைவிட விரைவில் தேய்வதும், வாசற்படி ஏறுகையில் கட்டைவிரல் இடறுவதும், செருப்பின் குற்றமென்றோ வயதின் குற்றமென்றோ நம்மவர் அலட்சியமாய் விட்டுவிடுகிற அறிகுறிகளாம். ஆயினும், கணுக்காலை மேலே தூக்கும் தசைகள் தம் சக்தியை இழந்து வருகின்றன என்பதை முதலில் தெரிவிப்பவை அவையே. தொய்வு முற்றியபின், விரல் தரையில் உரசாதிருக்கும் பொருட்டு முழங்காலை அளவுக்கு மீறி உயர்த்தி, பாதத்தைத் தொப்பென்று வைத்து நடக்கும் நடை வந்துசேர்கிறது.

நரம்பு சேதமுறும் இடம்

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு வெகு சமீபமாக ஒரு நரம்பு முன்புறம் செல்கிறது. பாதத்தையும் விரல்களையும் உயர்த்தும் தசைகளுக்கு உயிர் கொடுப்பது இதுவே. நெடுநேரம் குந்தியிருந்து வேலை செய்தாலும், மாவுக்கட்டு இறுகிப்போனாலும் இது நசுங்கக்கூடும். இடுப்பில் முதுகெலும்புகளுக்கு இடையிலான வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதாலும், பக்கவாதத்தில் மூளையே பழுதுறுவதாலும்கூடப் பாதம் தொய்வதுண்டு. தொழுநோய்க் கிருமியோ, உடலில் குளிர்ச்சியான இடங்களை நாடும் இயல்புடையதாதலால், மேலோட்டமாக ஓடும் இந்த நரம்பை எளிதில் பற்றுகிறது. இந்நோயால் வரும் தொய்வைக் குறித்தே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இதை மறைத்து வைப்போரே அதிகம், மறைப்பதால் இழப்பதும் அதிகம்.

முதல் ஆறு மாதம்

பலவீனம் தோன்றி ஆறு மாதத்துக்குள் வந்துசேர்கிற நோயாளிக்கு, வீங்கிய நரம்பைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையை வைத்தியர் கொடுத்து, பல வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். இழந்த சக்தி முழுமையாகவோ ஓரளவோ திரும்பும் வாய்ப்பு இக்காலத்திலேயே மிகுதி. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகியவை அடங்கிய கூட்டு மருந்தை, நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ அரசு இலவசமாகவே அளிக்கிறது. அது கிருமியைக் கொல்லும். ஆனால் கிருமி மாண்ட பின்னும் நரம்பில் அழற்சி எழக்கூடும் என்பதைப் பலர் அறியார். ‘மருந்து சாப்பிட்டு முடித்தாயிற்றே’ என்று புதிய பலவீனத்தைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டு, ஓராண்டு கழித்து வருகிறவர்களை நினைக்கையில் மனம் வேதனைப்படுகிறது.

வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: நாற்காலியில் அமர்ந்து, குதிகாலை ஊன்றியபடி பாதத்தின் முன்பகுதியை உயர்த்த வேண்டும், மற்றொருவர் உள்ளங்கையால் மேலிருந்து அழுத்த, இரு பாதங்களும் ஒரே விதமாக எதிர்த்து நிற்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

நரம்பு தேறுமா என்று காத்திருக்கும் காலத்தில், கணுக்காலைச் செங்கோணத்தில் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கியையோ, பாதத்தை மேலே இழுக்கும் எலாஸ்டிக் பட்டையையோ அணிய வேண்டும். காலை நீட்டி, பாதத்தில் ஒரு துண்டை மாட்டி, தன் பக்கமாக இழுத்துப் பிடிக்கும் பயிற்சியும் தினந்தோறும் அவசியம், இல்லையேல் குதிகால் தசைநாண் சுருங்கிப் பாதம் கீழ்நோக்கியே இறுகிவிடும். பக்கவாதத்தால் தொய்ந்தோருக்கு, அடியெடுத்து வைக்கும் கணத்தில் மின்தூண்டலால் தசையை எழுப்பும் கருவியும் பயன்படுகிறது.

சஸ்திர சிகிச்சை

நரம்பு இனித் தேறாது என்று நிச்சயமான பின்னும் வழி அடைபட்டுவிடவில்லை. பாதத்தை உட்புறமாகத் திருப்பும் தசையொன்று கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கிறது. அதற்குரிய நரம்பு வேறு, தொழுநோய் அந்த நரம்பைத் தாக்கினாலும் கணுக்காலின் அருகேதான் தாக்குகிறது, ஆகவே மேலிருக்கும் அத்தசை பெரும்பாலும் பலத்தோடு எஞ்சி நிற்கிறது. அதன் நாணைப் பாதத்தின் உட்பக்கத்தில் அறுத்தெடுத்து, முன்னங்கால் எலும்பைச் சுற்றியோ, இரு எலும்புகளுக்கு நடுவிலோ கொண்டுவந்து, இரு கிளையாகப் பிளந்து, பாதத்தின் மேற்புறத்தில் விரல்களை உயர்த்தும் நாண்களோடு தைத்துவிடுகிறார்கள். தொழுநோயாளரின் ஊனங்களை இவ்வாறு தசைநாண் மாற்றத்தால் சீர்செய்யும் பணியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட் முன்னோடியாக விளங்கினார். 1955-இல் அதனருகே கரிகிரியில் ஏற்பட்ட மருத்துவமனையும் அப்பணியை வளர்த்தது.

சஸ்திரத்துக்குப்பின் போட்ட மாவுக்கட்டைச் சில வாரங்கள் கழித்துப் பிரித்ததும் நிகழ்வது மிக அபூர்வமான காட்சி. நோயாளியைப் படுக்கையில் அமர்த்தி, ‘பாதத்தை உள்பக்கம் திருப்புங்கள்’ என்கிறார் பிசியோதெரபிஸ்ட். நோயாளி பழைய வழக்கப்படி திருப்ப முயல, பாதமோ திரும்பாமல் மெல்ல மேலெழுகிறது. முதலில் இரண்டு விரல் அளவே எழும். உட்கார்ந்தும், நின்றும், பின்பு கட்டைகளைப் பிடித்து நடந்தும் பல வாரங்கள் பழகப் பழக, திருப்புவதென்ற நினைப்பே மறைந்து, உயர்த்துவதென்ற நினைப்பிலேயே தசை வேலை செய்யத் தொடங்குகிறது. சஸ்திரம் செய்தவரின் கைத்திறனுக்குச் சமமான பங்கு இந்தப் பயிற்சிக்கு உண்டென்பது என் அபிப்பிராயம்.

உணர்ச்சியற்ற உள்ளங்கால்

நாண் மாற்றம் நடையை மீட்குமேயன்றி உணர்ச்சியை மீட்காது. உள்ளங்கால் மரத்தவர்கள் மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பை அணிந்து, இரவுதோறும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி, சிவப்போ கொப்புளமோ உண்டா என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும்; தாங்கி அணிபவர்கள் அது உரசும் இடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புண் கண்டுவிட்டால் உடனே வைத்தியரிடம் காட்டி, ஆறும்வரை அந்தக் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும்.